தத்தியின் நடை

மார்ச் 3, திங்கள்

பத்துப் பேர் என்று முடிவாகிவிட்டது. பத்து உருவங்களையும் அட்டையில் வரைந்து சுவரில் ஒட்டிவிட்டார்கள். இனி எங்கள் கைப்பேசி விளையாட்டு வெளிவரும்வரை இந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் மதியச் சாப்பாடு.

சண்டை விளையாட்டுக்கு மனிதர்கள் தேவையில்லை. வகைகள் போதும். நெற்றியில் துணி கட்டிய நாயகன்: எல்லாம் கொஞ்சம் தெரியும், எதுவும் முழுசாகத் தெரியாது. தூரத்தில் நின்று எதையாவது எறிந்துகொண்டே இருப்பவள். பீரோ நகர்ந்து வருவதுபோல் வந்து, கட்டிப் பிடித்து, தூக்கி அடிப்பவன். எதிராளிக்கு மூச்சுவிட நேரம் தராத அவசரக்காரன். ஓங்கி அடித்துவிட்டு, திருப்பி இரண்டு அடி வாங்கினால் சரிந்துவிடுகிற ஒருத்தி. அலுவலகத்தில் அவள் பெயர் 'கண்ணாடி'. கடைசியில் வரும் பெரிய வில்லன். அவனுக்கு மட்டும் கோட்டு, ஏனென்று யாரும் கேட்கவில்லை.

பத்தாவது ஆள் சிரிப்பதற்கு. வேண்டுமென்றே பலவீனமாகச் செய்யப்படுபவன். அவன் அட்டை இன்னும் காலி.

ஐந்து வருடம் இலக்கியம் படித்தேன். ஆய்வேட்டில் நான் சொன்னது ஒன்றே ஒன்று: மனிதனை வகையாக்காதே. மீதி இருநூறு பக்கமும் அடிக்குறிப்பு. இப்போது வகைக்கு இரண்டு வரி வாழ்க்கை வரலாறும், ஜெயித்தால் சொல்ல மூன்று வசனங்களும் எழுதுகிறேன்.

டைரக்டர் சொன்னார்: "ஒரே ஒரு செகண்டு. அதுக்குள்ள பார்க்கிறவனுக்குப் புரியணும், இவன் யாரு, எப்படி அடிப்பான்னு. புரியலைன்னா நாம தோத்தோம்."

ஒரு நொடியில் புரிந்துவிடுகிற மனிதனை நான் பார்த்ததில்லை. அண்ணனைத் தவிர.

மார்ச் 5, புதன்

டைரக்டரே நெற்றித்துணி நாயகன்தான். கொஞ்சம் ஓவியம், கொஞ்சம் நிரல், கொஞ்சம் தத்துவம். அனிமேட்டர் அக்கா கட்டிப் பிடிக்கும் வகை. மெதுவாக வருவார், வந்தால் விடமாட்டார். நேற்று ஒரு கை ஓங்கும் அசைவைப் பற்றி நாற்பது நிமிடம் என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

நான்? எந்த வகையிலும் அடங்காதவள் என்று எழுதக் கை போகிறது. அதுவும் ஒரு வகை. மட்டமான வகை.

தூரத்தில் நின்று எறிபவள். போதும்.

மார்ச் 8, சனி

ஐந்தாம் மாடி. இரண்டு அறை. அப்பா, அம்மா போனபின் நானும் அண்ணனும்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். பத்தொன்பது வயதில் உதவியாளாகச் சேர்ந்தவன், இப்போது முப்பத்தேழு. இந்தக் கட்டடத்து லிஃப்டும் அவன் தயவில்தான் ஓடுகிறது. யாரும் கேட்கவில்லை, இவனாகப் போய்த் திறந்து எண்ணெய் விடுகிறான். பிறகு "சத்தம் குறைஞ்சிருக்கா, பாப்பா?" என்று என்னைக் கேட்பான். குறைந்திருக்காது.

எழுவதற்கு முன் முழங்காலை இரண்டு தட்டு. யாராவது எதையாவது நீட்டினால், வாங்குவதற்கு முன் உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைப்பான், குளித்துவிட்டு வந்த கையாக இருந்தாலும். தன் நகைச்சுவைக்குத் தானே முதலில் சிரித்து, சொல்ல வந்ததை மறந்துவிடுவான்.

இதெல்லாம் பரவாயில்லை. வாசல்தான் தாங்க முடியாதது. எந்த வாசலாக இருந்தாலும் நின்றுவிடுவான். குனிந்து பார்ப்பான். செருப்பு நுனியால் தரையை ஒரு தட்டு. அப்புறம்தான் காலை வைப்பான். கடை, வங்கி, நம் வீட்டுக் குளியலறை, எல்லாம் ஒன்றுதான். என் பட்டமளிப்பு விழாவில் அரங்க வாசலில் அப்படி நின்றான். பின்னால் நாற்பது பேர். யாரோ "என்னப்பா, காசு விழுந்துடுச்சா?" என்றார்கள். நான் சுவரொட்டி படித்துக்கொண்டிருந்தேன்.

எத்தனை முறை சொல்லியிருப்பேன், வாசலில் நிற்காதே என்று. "சரி பாப்பா" என்பான். அடுத்த வாசலில் நிற்பான்.

மார்ச் 12, புதன்

பத்தாவது ஆளுக்கு நடை கிடைக்கவில்லை. இன்று டைரக்டரே நடந்து காட்டினார். முழங்கால் வளைத்து, பின்புறம் தள்ளி, கோமாளி நடை. சம்பளம் வாங்குகிற எல்லாரும் சிரித்தார்கள்.

அனிமேட்டர் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "சார், இது சிரிக்க வைக்கணும்னு நடக்கிற நடை. தான் சிரிப்புன்னே தெரியாத ஒருத்தன் நடக்கணும். அதுதான் சிரிப்பு வரும்."

இந்த அறையில் சொல்லப்பட்ட முதல் புத்திசாலித்தனமான வாக்கியம். பொறாமையாக இருந்தது.

"என்கிட்ட ஒரு ஆள் இருக்கு" என்றேன்.

மார்ச் 13, வியாழன்

காலையில் அண்ணனைக் கைப்பேசியில் வீடியோ எடுத்தேன். கூடத்திலிருந்து சமையலறைக்குப் போய் வா என்றேன். "என்னத்துக்கு?" என்றான். "சும்மா, ஆபீசுக்கு." ஆபீஸ் என்றதும் சீப்பை எடுத்து, தண்ணீர் தொட்டுத் தலை சீவி, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

முழங்கால் தட்டினான். எழுந்தான். சமையலறை வாசலில் நின்றான், குனிந்தான், தட்டினான். நான் நீட்டிய தம்ளரைக் கை துடைத்து வாங்கினான்.

எல்லாம் இருபது நொடிக்குள். இயக்கவே தேவையில்லை.

"நல்லா வந்திருக்கா?"

"ம்."

மார்ச் 17, திங்கள்

பத்தாவது ஆளின் கணினி எலும்புக்கூட்டுக்கு அந்த நடையை ஏற்றிவிட்டார் அக்கா. திரையில் ஒரு வழுக்கைத் தலை, தொப்பை, குட்டைக் கால்சட்டை. சண்டைக் களத்தின் விளிம்புக்கு வருகிறான். நிற்கிறான். குனிகிறான். கால்நுனியால் தட்டுகிறான். உள்ளே வருகிறான். எதிரே அவசரக்காரன் பற்களைக் கடித்துக்கொண்டு நிற்க, இவன் உள்ளங்கையைத் துடைக்கிறான்.

அறையே சிரித்து உருண்டது. டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தத்தி! இவன் பேரு தத்தி!" என்றார். அங்கேயே அட்டையில் எழுதிவிட்டார்.

நானும் சிரித்தேன். பின்னால் மறுக்காமலிருக்க எழுதி வைக்கிறேன். நன்றாகவே சிரித்தேன்.

மார்ச் 19, புதன்

தத்தியின் வெற்றி வசனம்: "மன்னிச்சிடுங்க, நான்தான் ஜெயிச்சேன் போல." ஒரே மூச்சில் வந்தது. மற்ற ஒன்பது பேருக்கு ஒரு வாரம் ஆகியிருந்தது.

ஏப்ரல் 2, புதன்

'நிழல் நாள்' அறிவித்துவிட்டார்கள். இங்கே எல்லா விளையாட்டுக்கும் நடக்கிற சடங்கு. பத்துப் பேரையும் வெறும் கறுப்பு நிழலாகத் திரையில் காட்டுவார்கள். பெயர் கிடையாது, நிறம் கிடையாது. பார்க்கிறவர்கள் இவன் யார் என்று தாளில் எழுத வேண்டும். நிழலைப் பார்த்தே வகை தெரிந்தால் வெற்றி. ஆளுக்கு ஒரு விருந்தாளியைக் கூட்டிவர வேண்டும், அவருக்கு விளையாட்டே தெரிந்திருக்கக் கூடாது. அறியாமையை அளவுகோலாக வைத்திருக்கும் ஒரே தொழில்.

மூன்றாம் மாடி டீச்சரைக் கேட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 10, வியாழன்

அழைப்பு அட்டையை ஃப்ரிட்ஜ்மேல் வைத்தது என் தப்பு. அண்ணன் படித்துவிட்டான். "விளையாட்டே தெரியாதவங்கதானே வேணும்? என்னை விட்டா யாரு இருக்கா?" சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறான், இன்னும் இரண்டு நாள் இருக்கும்போதே. டீச்சரிடம் போய் அவனே சொல்லிவிட்டும் வந்தான், நீங்க சிரமப்பட வேணாம்னு.

யோசித்தேன். வரட்டும். தன் நடையை யாருக்குத் தெரியும்? தன் முதுகை யார் பார்த்திருக்கிறார்கள்? அதுவும் வெறும் நிழல். அவனுக்கு அவ்வளவு கூர்மை கிடையாது.

ஏப்ரல் 12, சனி

கூட்ட அறை வாசலில் நின்றான். குனிந்தான். தட்டினான். நல்லவேளை, விளக்கை அணைத்துவிட்டிருந்தார்கள். அக்கா மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

இருபது விருந்தாளிகள். முதல் ஒன்பது நிழலும் ஓடின. "ஹீரோ." "தடியன்." "இவன் சரியான கோபக்காரன்." டைரக்டர் மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரி சிரித்துக்கொண்டே நடமாடினார்.

பத்தாவது நிழல் வந்ததும் சிரிப்பு. "குடிகாரன்" என்றார் ஒருவர். "சாவியைத் தொலைச்சவன்" என்றாள் யாருடைய மனைவியோ.

அண்ணன் கையை உயர்த்தினான், வகுப்பில் மாதிரி. "லிஃப்ட் வேலை பார்க்கிறவருங்க."

இன்னும் பெரிய சிரிப்பு. டைரக்டர் உற்சாகமாகிவிட்டார். "எப்படிச் சொல்றீங்க?"

"கீழ தளம் இருக்கான்னு பார்த்துட்டுக் கால் வைக்கிறாருல்ல. கதவு திறந்தா உள்ள பெட்டி இருக்கணும்னு இல்லைங்க. மேல எங்கயாவது நிக்கும். எங்க மேஸ்திரி இருக்குன்னு நம்பிக் கால் வச்சார். பெட்டி மூணு மாடி மேல இருந்துச்சு."

டைரக்டர் திரையைத் திரும்பிப் பார்த்தார்.

"அதிலேருந்து நாங்க பார்த்துட்டுத்தான் வைப்போம்" என்றான். நாங்க என்றான். பிறகு திரையில் நிழல் மறுபடி முதலிலிருந்து ஓடியது. முழங்காலை இரண்டு தட்டியது. கையைத் துடைத்தது. அண்ணன் பேனாவை எடுத்தான். தாளில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தான்.

பேருந்தில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு, "ஆபீஸ் நல்ல பெருசு" என்றான். அவ்வளவுதான்.

பதினெட்டு வருடமாக அவன் குனிவதைப் பார்க்கிறேன். ஏன் என்று ஒரு தடவை கேட்டதில்லை. பாத்திரப் படைப்பில் முதல் வகுப்பு.

ஏப்ரல் 14, திங்கள்

தாள்களைத் தொகுப்பது என் வேலை. அண்ணன் கையெழுத்தைத் தேடவே வேண்டாம், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்கும்.

பத்தாவது நிழல்.
இவர் யார்? — லிஃப்ட் மெக்கானிக்.
பலசாலியா? — வேலை தெரிஞ்ச ஆள்.
இவர் ஜெயிப்பாரா? — அது தெரியாது. விழ மாட்டார்.

தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். பத்தொன்பது விருந்தாளிகள் என்று கணக்குக் கொடுத்தேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

பிரயோசனமில்லை. டைரக்டருக்கு நினைவிருக்கிறது. "தத்திக்குத் தொழில் கிடைச்சிடுச்சு! லிஃப்ட் மெக்கானிக். அந்த மேஸ்திரி விஷயத்தை ரெண்டு வரி வாழ்க்கை வரலாறா எழுதிடுங்க. சிரிப்புக்குள்ள ஒரு சோகம். சூப்பரா உட்காரும்."

"அது என் அண்ணன் சொன்னது, சார்."

"அட, அவர் உங்க அண்ணனா? எவ்வளவு இயல்பா பேசினாரு. எங்க நன்றியைச் சொல்லிடுங்க."

நடையை மாற்ற முடியுமா என்று அனிமேட்டர் அக்காவைக் கேட்டேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அந்த வீடியோல தலை சீவிட்டு வந்திருந்தாரே, அப்பவே கேட்கணும்னு நினைச்சேன், அவருக்குத் தெரியுமான்னு. கேட்கல. அது என் தப்பு. மீதி உன்னோடது. இப்ப மாத்தச் சொன்னா சார் விடமாட்டார்."

கட்டிப் பிடித்துத் தரையில் அடிக்கும் வகை. சரியாகத்தான் கணித்திருக்கிறேன்.

மேஸ்திரியை எழுதவில்லை. எழுதியது ஒரே வரி: 'வேலை தெரிந்த ஆள். விழ மாட்டார்.' டைரக்டர் இதற்கும் சிரித்தார். நையாண்டி என்று நினைத்துவிட்டார்.

மே 2, வெள்ளி

முன்னோட்டப் பதிப்பு வெளியானது. கைப்பேசியில் இலவசம்.

மே 8, வியாழன்

ஆட்டக்காரர்கள் அதிகம் தேர்ந்தெடுப்பது தத்தியை. இரக்கத்தால் அல்ல. இருப்பதிலேயே மட்டமான ஆளை எடுத்து ஜெயித்தால், தோற்றவனுக்கு அவமானம் இரட்டிப்பு. ஜெயித்ததும் எதிராளி விழுந்து கிடக்க, அவன்மேல் நின்று மறுபடி மறுபடி தரையைத் தட்டுகிறார்களாம். விளையாட்டு உலகின் புதுக் கெட்ட வார்த்தை என் அண்ணனின் கால்.

டைரக்டர் கேக் வெட்டினார். நான் ஒரு துண்டு சாப்பிட்டேன். சாப்பிட்டேன்தான்.

மே 11, ஞாயிறு

நாலாம் மாடிப் பிள்ளைகள் மூன்று பேர் அவர்கள் தளத்து லிஃப்ட் முன்னால் வரிசையாக நின்று நடித்துக்கொண்டிருந்தார்கள். நின்று, குனிந்து, தட்டி, கை துடைத்து. துல்லியம். அக்கா பார்த்தால் பெருமைப்படுவார்.

அண்ணன் பால் வாங்கிக்கொண்டு படியேறி வந்தான். அவர்களைப் பார்த்தான். அவர்களுக்கு அவனைத் தெரியவில்லை. அவன்தான் அது என்பதே தெரியாமல் அவன் முன்னாலேயே நடித்தார்கள். அவன் சிரித்தான். மீதி ஒரு மாடியையும் படியிலேயே ஏறி வந்தான்.

மே 21, புதன்

அண்ணன் கைப்பேசியை வீட்டில் மறந்துவிட்டுப் போயிருந்தான். கொண்டுபோய்க் கொடுக்க அவன் வேலை செய்யும் இடத்துக்குப் போனேன், முதல் தடவையாக. பதினோரு மாடி அலுவலகக் கட்டடம், புது லிஃப்ட் மாட்டுகிறார்கள். சிமெண்டுப் பொடி, தொங்கும் கம்பிகள், கதவுக்குப் பதில் ஒரு பலகை.

உதவியாட்கள் இருவர் கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் பலகையை நகர்த்தியதும் ஒருவன் சொன்னான், "தத்தி அண்ணே, பார்த்து, பார்த்து. தளம் இருக்கான்னு தட்டிக்கோங்க." இன்னொருவன் உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக் காட்டினான். கெட்டவர்கள் இல்லை. பிரியமாகத்தான் சொன்னார்கள். அதுதான் கேவலம்.

அண்ணன் சிரித்துக்கொண்டே, "போங்கடா, போய் வேலையைப் பாருங்க" என்றான். நின்றான். தலை குனியத் தொடங்கியது. நான் பார்த்தேன், தொடங்கியது. பாதியில் நிமிர்த்திக்கொண்டான்.

நேரே உள்ளே காலை வைத்தான்.

பெட்டி இருந்தது. இன்று இருந்தது.

மே 22, வியாழன்

சாப்பிடும்போது அண்ணனிடம் சொன்னேன். அது நான்தான் கொடுத்தது, அன்றைக்கு எடுத்த வீடியோ என்று.

"தெரியும்" என்றான். "அந்த நிழல்லயே தெரிஞ்சிடுச்சு. முழங்காலைத் தட்டினான் பாரு, அப்பவே." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "தலையெல்லாம் சீவிட்டு வந்தேன். வழுக்கையா போட்டுட்டீங்களே, பாப்பா."

முதல் தடவையாகத் தன் நகைச்சுவைக்கு அவன் சிரிக்கவில்லை. நான் சிரிக்க வேண்டியிருந்தது. முடியவில்லை.

"நீ நேத்து குனிஞ்சு பார்க்கல."

"விட்டுட்டேன். நீயும் எத்தனை வருஷமா சொல்ற, வாசல்ல நிக்காதேன்னு. ஒரு வழியா விட்டாச்சு. நல்லதுதானே?"

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். நல்ல மதிப்பெண் வாங்கி வந்தவன் மாதிரிச் சொன்னான்.

மே 23, வெள்ளி

டைரக்டரிடம் தத்தியை நீக்கச் சொன்னேன். விளையாட்டையே நீக்கச் சொன்னதுபோல் பார்த்தார். "ஒரு ஆளு ஹர்ட் ஆகுறாருன்னு..." வாக்கியத்தை முடிக்கக்கூட இல்லை. நெற்றித்துணி நாயகன். இரக்கமும் கொஞ்சம்தான் தெரியும்.

நீக்கினாலும் என்ன? அந்தப் பிள்ளைகளின் காலிலிருந்து யார் நீக்குவது?

மே 26, திங்கள்

பதினொன்றரைக்குப் போன் செய்தேன். எடுத்தான். "என்ன பாப்பா?" ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன்.

மே 27, செவ்வாய்

பதினொன்றரை. இரண்டே கால். நான்கு. மூன்று தடவையும் எடுத்தான். "உனக்கு ஆபீஸ்ல வேலையே இல்லையா?"

மே 29, வியாழன்

வீட்டு வாசல், குளியலறை, கடை. கவனித்துக்கொண்டே இருக்கிறேன். எங்கும் நிற்பதில்லை. விறைப்பாக, நேரே பார்த்தபடி நுழைகிறான், படம் எடுக்கிறார்கள் என்பதுபோல். எல்லாரையும் போலவே நடக்கிறான். பத்தொன்பது வயதுக்கு முன் இப்படித்தான் நடந்திருப்பான்.

இரண்டு மூன்று வரி எழுதிப் பார்த்தேன், அவனிடம் சொல்ல. எல்லாம் வெற்றி வசனம் மாதிரி இருக்கின்றன. கிழித்துவிட்டேன்.

ஜூன் 1, ஞாயிறு

காலையில் சந்தைக்குக் கிளம்பினோம். ஐந்தாம் மாடி லிஃப்ட் கதவை அண்ணன் இழுத்துத் திறந்தான். என் பக்கம் திரும்பி எதையோ சொல்லிக்கொண்டே காலைத் தூக்கினான்.

சட்டையைப் பிடித்து இழுத்தேன். பொத்தான் ஒன்று தெறித்தது.

"என்ன பாப்பா?"

அவனைத் தாண்டி முன்னால் போய் வாசலில் நின்றேன். குனிந்தேன். அழுக்கு ரப்பர் விரிப்பு, ஒரு சாக்லேட் காகிதம். செருப்பு நுனியால் தட்டினேன். ஒரு தடவை போதாது போலிருந்தது, இன்னொரு தடவை.

மாடிப் படியில் நாலாம் மாடிப் பிள்ளைகள். ஒருத்தி கத்தினாள்: "ஏய், தத்தி!" அவள் விரல் நீண்டது என்னை நோக்கி.

உள்ளே போய் நின்றுகொண்டேன். "தளம் இருக்கு, வா" என்றேன்.

அண்ணன் வரவில்லை. வாசலில் நின்றான். பிள்ளைகளை ஒரு முறை பார்த்தான். பிறகு குனிந்தான். மெதுவாக, அவசரமே இல்லாமல். தட்டினான். காலை வைத்தான்.

"அதான் இருக்குன்னு சொன்னேனே."

"மேஸ்திரிகிட்ட நானும் அப்படித்தான் சொன்னேன்" என்றான்.

கதவை இழுத்துச் சாத்தி, பொத்தானை அழுத்தினான்.